பழத்துக்கு ஆறு டிகிரி

ராஜவேலுக்கு நாக்கின் மேல் நம்பிக்கை கிடையாது. நாக்கு ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசும், பசித்தவனுக்குப் பழங்கஞ்சியும் தித்திக்கும், காய்ச்சல்காரனுக்குப் பாலும் கசக்கும் என்பான். அவன் நம்பியது மீட்டரை. மரக்காணம் உப்பளத்தில் டிகிரி பார்க்கிற மேஸ்திரி அவன். அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழல் ஒன்று, கழுத்து நெடுக கோடும் எண்ணுமாக, ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டுக்குள் பஞ்சு சுற்றி எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். உயரமான குவளையில் தண்ணீரை மொண்டு அதை விட்டால் மிதக்கும். வெறும் தண்ணீரில் கழுத்து வரை முங்கி நிற்கும். உப்பு ஏற ஏறத் தண்ணீர் அதை மேலே தூக்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் டிகிரி.

கடல் தண்ணீர் மூன்று டிகிரி, சில நாள் மூன்றரை. வெயில் அதைப் பாத்தி பாத்தியாகச் சுண்ட வைத்து இருபத்துநாலுக்குக் கொண்டு வரும்போது உப்பு பூக்கும். அதற்கு முன்னால் மடை திறந்தாலும் தப்பு, ரொம்பப் பிந்தித் திறந்தால் உப்பு கசக்கும். அந்த வேளையைச் சொல்கிறவன் ராஜவேல். முதலாளி தட்சணாமூர்த்தியே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்றால் மனுஷனுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? வந்தது. பொண்டாட்டி வைத்த குழம்பில் உப்பு சரியா என்று பார்க்கக்கூட மீட்டரைத்தான் எடுப்பார் என்று உப்பு வாருகிற சகாயமேரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது பொய். ஒரே ஒரு தடவை ரசத்தில் விட்டுப் பார்த்தான், அவ்வளவுதான்.

அவன் மனைவி அருக்காணிக்கு உப்பளத்தை ஒட்டி ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. அவள் அப்பா சீதனமாக அவள் பேரிலேயே எழுதிக் கொடுத்தது. ஒரு வாய்க்கால்தான் நடுவில். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தட்சணாமூர்த்தியின் பாத்திகள், இந்தப் பக்கம் அருக்காணியின் மணல் கலந்த செம்மண். மணிலாப் பயிர் என்கிற வேர்க்கடலை போடுவாள், தர்பூசணி போடுவாள். உப்புக்காரன் பொண்டாட்டி இனிப்புப் பழம் விளைக்கிறாள் என்று கிண்டல் பண்ணுகிறவர்களுக்கு, அவரு வெளைக்கறதத் தொட்டுக்குனு துன்னா இன்னும் நல்லாருக்கும் என்று பதில் வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் வந்தது. குப்பத்தில் விழுந்த சாவுகளுக்கு நடுவே ஒரு ஏக்கர் நிலத்தைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? அருக்காணிக்கும் வரவில்லை. சோறு பொங்கிப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள், அங்கே தங்கியிருந்தவர்களோடு சேர்ந்து அழுதாள். ரொம்ப நாள் கழித்துத்தான் நிலத்துக்குப் போனாள். வாய்க்கால் வழியாக ஏறி வந்த கடல் முழங்கால் உயரம் நின்று, போக மனசில்லாமல் போயிருந்தது. மணிலாச் செடி கருகி மக்கிப் போய், தரை முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. கோலமாவு கொட்டிக் கவிழ்ந்த வாசல் மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

தட்சணாமூர்த்தி கெட்ட மனுஷர் இல்லை. நிலத்தைச் சுற்றி வந்து பார்த்தார், உச்சுக்கொட்டினார். இனி இதில் புல்லும் முளைக்காது, என் பாத்தியோடு சேர்த்து உப்பளமாக்கிக் குத்தகை கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னார். ராஜவேலுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு தடவை மிதித்துக் கெட்டித்து உப்புத் தண்ணீர் கட்டிய மண்ணில் அப்புறம் ஏர் இறங்காது. அப்பன் கொடுத்த நிலம் என்று சொல்லிக்கொள்ள அருக்காணிக்கு ஒரு பிடி மண்ணும் மிஞ்சாது. அவள் முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஒரு மழ போவட்டும் மொதலாளி. ஒரு வெள்ளாம வெச்சிப் பாக்கறேன். அந்தப் பழத்துல உப்பு இருந்துச்சுன்னா நானே என் கையால மடையத் தொறந்து வுடறேன்."

முதலாளியும் சரியென்று தலையாட்டினார். சொன்ன சொல் அது, எல்லார் காதிலும் விழுந்தது.

அடுத்த ஐப்பசியில் பேய்மழை. ரோடு அறுந்தது, ஏரி உடைந்தது, மழையைத் திட்டாத வாய் கிடையாது. அருக்காணி ஒருத்திதான் கும்பிட்டாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பை உயர்த்தினாள், மழையைத் தேக்கினாள், மண்ணில் இறங்கி ஊறவிட்டு வடித்தாள், மறுபடியும் தேக்கினாள். ராஜவேலும் கூட நின்றான். வடிகிற தண்ணீரில் மீட்டரை விட்டு விட்டுச் சொன்னான். முதலில் இரண்டு. அப்புறம் ஒன்று. மார்கழி பிறக்கும்போது மீட்டர் கழுத்து வரை முங்கி, நல்ல தண்ணீரில் நிற்கிற மாதிரி நின்றது. அத்தனை சந்தோஷமாக அவன் எந்த எண்ணையும் படித்தது கிடையாது. ஆனாலும் மேல் மண்தான் கழுவிற்று, அடி மண்ணில் என்ன இருக்கிறதோ என்ற பயம் அவனை விடவில்லை.

பொங்கலுக்கு முன்னாலேயே அருக்காணி தர்பூசணி விதை ஊன்றினாள். முளைத்தது. முளைத்ததே அதிசயம் என்றார்கள். ஆனால் கொடி நீளவில்லை, இலை ஓரமெல்லாம் தீய்ந்தது, காய் தேங்காய் அளவுக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. வானூர்ப் பக்கத்து நிலங்களிலிருந்து பானை பானையாகப் பழம் ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர்கள் இந்த நிலத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். அருக்காணி மட்டும் தினம் ஒவ்வொரு காயாகக் குனிந்து விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

அறுத்து ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துபோகிற விஷயத்துக்கு இத்தனை அவதி எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அருக்காணி பிறந்த வீட்டில் முதல் காய்ப்பு கன்னிமாருக்கு. வரப்போரத்து வேப்பமரத்தடியில் ஏழு கல், மஞ்சள் பூசி நிற்கும். பங்குனி வெள்ளியில் அங்கே படைத்துவிட்டுத்தான் பழம் வாயில் படலாம். அதற்கு முன்னால் வீட்டு ஆள் யாரும் விரலில் ஒட்டிய சாற்றை நக்கினாலும் நிலத்துக்கு ஆகாது. கடல் மிதித்துவிட்டுப் போன நிலத்துக்கு இன்னொரு ஆகாததைத் தேடித் தருவாளா அவள்? வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தாள்.

ராஜவேலால் இருக்க முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, புதுப் பாத்தி கட்டுவதானால் இப்போதே கட்ட வேண்டும் என்று தட்சணாமூர்த்தி பார்க்கும்போதெல்லாம் கேட்டார். படையலுக்கு இரண்டு நாள் முன்னால் வேலை முடிந்து நிலத்து வழியாக வந்தபோது, காக்கை கொத்திய பழம் ஒன்று அவன் கண்ணில் பட்டது. கொத்திய பொத்தலைச் சுற்றி எறும்பு மொய்த்துக் கிடந்தது. எறும்பைத் தட்டிவிட்டுப் பழத்தைத் துண்டில் மறைத்துக்கொண்டு உப்பளத்துக் கொட்டகைக்குத் திரும்பினான். சாமிக்கு முன்னால் சாப்பிடத்தானே கூடாது, டிகிரி பார்க்கக் கூடாது என்று எந்தக் கன்னியும் சொல்லவில்லையே என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டான்.

பழத்தை உடைத்துச் சதையைப் பிசைந்து துண்டில் வடிகட்டிக் குவளையை நிரப்பினான். மீட்டரை விட்டான். அது முங்கும் என்று எதிர்பார்த்தவன் முன்னால் முங்காமல் எழும்பியது. ஒன்றைத் தாண்டியது, மூன்றைத் தாண்டியது, ஆறில் போய் நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டான். ஆறு. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வாய்க்காலில் கடல் தண்ணீர் மொண்டு பார்த்தான். ராசா மாதிரி மூன்றில் நின்றது.

அவன் அப்படியே உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். கடலே மூன்றுதான். பழம் ஆறு. அப்படியென்றால் அந்தக் கொடி அடி மண்ணில் கிடந்த உப்பையெல்லாம் உறிஞ்சி, கடலைவிடக் கரிப்பாகப் பழத்துக்குள் கட்டி வைத்திருக்கிறது. அருக்காணி அத்தனை மழையில் நனைந்ததெல்லாம் வீண். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் விரல் வறளுமே தவிர ஒட்டாது என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மீட்டர் ஆறு என்று சொன்ன பிறகு விரல் சொல்வதும் எறும்பு சொல்வதும் யார் காதில் ஏறும்? நக்கிவிடக் கூடாதே என்று சோப்பு போட்டுக் கையைக் கழுவினான்.

வீட்டுக்குப் போனால் அருக்காணி வெல்லம் தட்டி வைத்திருந்தாள், எந்தெந்தப் பழத்தை அறுப்பது என்று அடையாளம் வைத்தாயிற்று என்றாள், சகாயமேரியையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சொல்ல வேண்டியது அவன் வாய் வரை வந்து திரும்பிப் போயிற்று. மறுநாள் காலையில் நேராகத் தட்சணாமூர்த்தியிடம் போய், பழத்தில் உப்பு ஏறிவிட்டது, ஆறு டிகிரி என்றான். வெள்ளிக்கிழமை படையல் முடியட்டும், கற்பூரம் காட்டின கையோடு ஆட்கள் மேற்கு மூலையில் கரையை வெட்டி வாய்க்கால் தண்ணீரை விடலாம் என்றான்.

"அருக்காணி இன்னா சொல்லுது?" என்று கேட்டார் முதலாளி.

"அது சொன்ன சொல்லுதானே மொதலாளி" என்றான் ராஜவேல்.

கேட்கவில்லை என்று சொல்லவில்லை, கேட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் கணக்கு இதுதான். படைத்துவிட்டு அவளே வாயில் வைப்பாள், துப்புவாள், தானே தெரிந்துகொள்வாள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது தண்ணீர் ஏறியிருக்கும். ஒரே அழுகையாக அழுது முடிப்பாள், அவன் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருக்காது. ஊரில் கோழை என்று பேர் வாங்காமலே கோழையாக வாழ இப்படி எத்தனையோ வழி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. ராஜவேல் பாத்திகளைச் சுற்றிவிட்டு மீட்டரும் குவளையுமாக நேராக நிலத்துக்கு வந்தான். அருக்காணி ஏழு கல்லையும் கழுவி மஞ்சள் பூசிப் பூ வைத்து, வாழையிலையில் பொங்கல், வெல்லம் கரைத்த பானகம், நடுவில் பழங்கள் என்று பரப்பியிருந்தாள். சகாயமேரி கழுத்துச் சிலுவையை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு மரியாதையாக ஓரத்தில் நின்றாள். மேற்கு மூலையில் வாய்க்கால் கரை மேல் உப்பளத்து ஆள் மாயவனும் இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு குந்தியிருந்தார்கள். வாய்க்கால் தூர்வார வந்திருப்பார்கள் என்று அருக்காணி நினைத்துக்கொண்டாள். ராஜவேல் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கற்பூரம் எரிந்தது. அருக்காணி கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டுக் கத்தியைப் பழத்தில் வைத்தாள். வைத்ததும் தானாகவே விரிசல் ஓடிப் படீரென்று பிளந்தது. உள்ளே குங்குமச் சிவப்பு. ஏழு துண்டு கல்லுக்கு வைத்துவிட்டு எட்டாவதைத் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் புருஷனிடம் நீட்டினாள்.

"மழத் தண்ணிக்கு டிகிரி பாத்துச் சொன்னது நீங்கதான. மொதல்ல நீங்க துன்னுங்க."

ராஜவேல் வாங்கினான். கடலில் குளிக்கும்போது அலை முகத்தில் அடித்து ஒரு வாய் உள்ளே போகுமே, அதற்குத் தயாராகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கடித்தான்.

தித்தித்தது. சும்மா தித்திப்பு இல்லை. பல்லில் பட்டதும் உடைந்து, நாக்கெல்லாம் பரவி, தொண்டையில் இறங்கும்போது லேசாகக் கமறுகிற தித்திப்பு. அவன் மென்றதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். நாக்குதான் பொய் சொல்கிறது என்று தோன்றியது. இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தான். மூன்றாவதையும் எடுத்தான். சகாயமேரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு துண்டு வாயில் வைத்தவள், அக்கா இது இன்னாக்கா என்று கேட்டுவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். அருக்காணி எல்லாருக்கும் பிந்தித் தன் துண்டைத் தின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, வாய் மென்றுகொண்டே இருந்தது.

ராஜவேல் இடுப்பிலிருந்து மீட்டரை உருவினான். இந்நேரத்தில் எதற்கு அது என்று அருக்காணி கேட்டது அவன் காதில் விழவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடுகிறவன் அவன், என்ன செய்வது? துண்டில் பிழிந்து குவளையை நிரப்பி விட்டான். அதே ஆறு. வாயில் உப்பு ஒரு துளிகூட இல்லை, மீட்டர் ஆறு சொல்கிறது. பழத்தில் உப்பு இருக்கிறது என்று மீட்டர் சொல்லிவிட்டதாக முந்தாநாள் தான் பார்த்த கதையைத் தன்னை அறியாமலே உளறினான்.

அருக்காணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் குவளையை வாங்கிச் சாற்றைச் சகாயமேரியிடம் குடிக்கக் கொடுத்துவிட்டு, அதைக் கழுவி, சொம்பில் இருந்த பானகத்தை ஊற்றி நீட்டினாள். "இதுல நான் உப்பே போடல. இதுல வுட்டுப் பாருங்க."

விட்டான். மீட்டர் எட்டில் நின்றது.

வெல்லத் தண்ணீருக்கு எட்டு டிகிரி. ராஜவேல் அந்தக் குவளையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷமாக உப்பை அளக்கிறது என்று அவன் கும்பிட்ட மீட்டருக்கு உப்பு என்றால் என்னவென்றே தெரியாது! தண்ணீரில் ஏதோ கரைந்திருக்கிறது, தண்ணீர் கனமாக இருக்கிறது என்று மட்டும் அது சொல்லியிருக்கிறது. மீதியை எல்லாம் இவனாகச் சேர்த்துக்கொண்டான். வெட்கமாக வந்தது, ஆனால் வெட்கப்படவும் நேரமில்லாமல் அதைவிடப் பெரியதாக ஒன்று அவன் நெஞ்சில் ஏறியது. ஆறு என்றது பொய் இல்லை. அது சர்க்கரை. கடலில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறதோ அதைவிட அதிகமாக இந்தத் தேங்காய் அளவுப் பழத்துக்குள் சர்க்கரை கரைந்து கிடக்கிறது. கடலைவிடக் கனமான தண்ணீர் இந்தக் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவனுக்கு வெறியே வந்துவிட்டது. தோல் பக்கத்துச் சதையைத் தனியாகப் பிழிந்தான். நாலு. நடுவில் விதையில்லாத கொழுத்த சதையைத் தனியாகப் பிழிந்தான். ஏழு. ஓரத்தில் நாலு, நடுவில் ஏழு! அவன் உப்பளத்தில் கடலோரப் பாத்தியில் லேசாக இருக்கிற தண்ணீர் உள்பாத்திக்குப் போகப் போகக் கெட்டியாகுமே, அதே மாதிரி. யார் இதற்குள் பாத்தி கட்டினது? யார் மடை திறந்து விட்டது? எந்த மேஸ்திரி?

குனிந்து கொடியின் வேர் பக்கத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, நாக்கை நம்பாத ராஜவேல், நாக்கில் வைத்தான். கரித்தது. லேசாகத்தான், ஆனால் கரித்தது. மண்ணில் உப்பு இருக்கிறது, பழத்தில் உப்பு இல்லை. உப்பில் அந்தச் செடி தண்ணீர் குடிக்கத் தவித்திருக்கிறது, இலை கருகியிருக்கிறது, காய் பெருக்கவில்லை. அப்பா காலத்தில் தண்ணீர் அதிகம் பாய்ச்சின வருஷம் பழம் குடம் குடமாக இருக்கும், தின்றால் சப்பென்று இருக்கும் என்று அருக்காணி எப்போதோ சொன்னது அவனுக்கு இப்போது புரிந்தது. தண்ணீர் குறையக் குறைய டிகிரி ஏறும் என்று தெரிந்த உப்புக்காரனுக்கு இதைக்கூடப் புரியவைக்க வேண்டுமா?

புரியாதது வேறு. உப்பு கடலில் இருந்து வந்தது, அது கண்ணுக்குத் தெரிந்த கதை. இந்தச் சர்க்கரை எங்கே இருந்து வந்தது? ஒருத்தரும் இந்த மணலில் சர்க்கரை கொட்டவில்லை. மழையில் இல்லை, எருவில் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாத்திகள் வெள்ளை வெளேரென்று பளபளத்தன. இந்தப் பக்கம் ஓரம் தீய்ந்த இலைகள் வெயிலைப் பார்த்துக்கொண்டு விரிந்து கிடந்தன. அங்கேயும் அதே வெயில்தான், இங்கேயும் அதே வெயில்தான். அங்கே தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகிற வெயில் இங்கே, இந்த இத்தனூண்டு இலைக்குள் புகுந்து சர்க்கரை பண்ணியிருக்கிறது. பகலெல்லாம் அவன் முதுகைப் பொசுக்கியபோது பத்தடி தள்ளி இந்த வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. ராஜவேலுக்கு மயிர்க்கூச்செடுத்தது. கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட வராத நடுக்கம் அது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியவில்லை.

"யாரு அங்க கரைய வெட்டறது?" என்றாள் அருக்காணி.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. கற்பூரம் காட்டின கையோடு வெட்டுங்கள் என்று சொன்னவனே அவன்தானே. புகையைப் பார்த்த மாயவன், மேஸ்திரி சொல் தவறக் கூடாது என்று மேற்கு மூலையில் மண்வெட்டியை இறக்கிவிட்டான். கரை வாய் பிளந்து வாய்க்கால் தண்ணீர் சலசலவென்று நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கொடிகள் நனைய ஆரம்பித்துவிட்டன. அது கடல் தண்ணீர், முழுசாக மூன்று டிகிரி. மழைக்காலம் முழுக்க அவள் கழுவியதை அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடும்.

ராஜவேல் ஓடினான். குவளை எங்கே விழுந்தது, மீட்டர் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே ஓடியவனைப் பார்த்து மாயவன் மண்வெட்டியை விட்டுவிட்டு நின்றான். நின்று என்ன பிரயோஜனம், தண்ணீர் நிற்கவில்லையே. அள்ளிப் போட்ட மண்ணைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. ராஜவேல் யோசிக்கவில்லை. உடைப்புக்குள் இறங்கி, வாய்க்கால் பக்கம் முதுகைக் கொடுத்து, இரண்டு கரையையும் கையால் பிடித்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நல்ல வேளையாக ஆள் அகலம். தண்ணீர் முதுகில் மோதி மட்டுப்பட்டது.

"மண்ணப் போடுங்கடா" என்றான். "எம் மேலயே போடுங்க."

மூன்று பேரும் சேர்ந்து அவன் மடியிலும் பக்கத்திலும் சேற்றை வெட்டிப் போட்டார்கள். சகாயமேரியும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி அள்ளிப் போட்டாள். அந்த நேரம் பார்த்துத் தட்சணாமூர்த்தி டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். தன் மேஸ்திரி கழுத்து வரை சேற்றோடு உடைப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் நின்றார். ஆறு டிகிரி என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார். ராஜவேல் வாயைத் திறக்குமுன் அருக்காணி வந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. கையில் இலை, இலையில் பழத் துண்டுகள். குரல் உயரவில்லை.

"நான் சொன்ன சொல்லு அப்டியேதான் இருக்குது மொதலாளி. உப்பு இருந்தா வெட்டுங்க. துன்னுட்டு நீங்களே சொல்லுங்க."

தட்சணாமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மூன்று தலைமுறையாக உப்பு விற்கிற குடும்பம். மெதுவாக மென்றார், விதையை உள்ளங்கையில் துப்பினார், தன் பாத்திகளை ஒரு தடவை பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கருகின கொடியைப் பார்த்தார். இந்த மண்ணிலயா காய்ச்சது என்று யாரையோ கேட்கிற மாதிரி கேட்டார். அப்புறம் அருக்காணியிடம், உப்பு இல்லம்மா என்றார். கரையைக் கெட்டியாக அடைத்துவிட்டு வரும்படி மாயவனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறப் போனவர், திரும்பி வந்து இலையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

கரை அடைபட்டது. ஆட்கள் மண்வெட்டியைக் கழுவப் போனார்கள். ராஜவேல் மட்டும் எழுந்திருக்கவில்லை. கை இரண்டும் சேற்றுக்குள் புதைந்திருந்தன, முதுகு உப்புத் தண்ணீரில் எரிந்தது. எழுந்து அவள் முகத்துக்கு நேராக நிற்பதைவிட அங்கே உட்கார்ந்திருப்பதே மேல் என்று தோன்றியது. அருக்காணி அவன் முன்னால் வந்து குந்தினாள். இலையில் கடைசித் துண்டு, நடுச்சதை.

"கண்ணாடியக் கேட்டீங்க" என்றாள். "மொதலாளியப் போயிக் கேட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி இருந்தேன் இல்ல?"

அவன் தலை குனிந்தான். அவள் துண்டை அவன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து, கொடுக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"இனிமே எதுவா இருந்தாலும் மொதல்ல என்னக் கேளுங்க."

அவன் தலையாட்டினான். அவள் கை அசையவில்லை. வாயைத் திறந்து சொல்லும் வரை காத்திருந்தாள். வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்த மாயவனும் ஆட்களும் வேறு பக்கம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேக்கறேன்" என்றான் ராஜவேல்.

அதற்கப்புறம்தான் அவள் ஊட்டினாள்.